கடைத் தளத்தின் தீமில் ரெஸ்பான்சிவை முழுதாக நிறுத்துவது எப்படி? போனிலும் கம்ப்யூட்டர் மாதிரியே தெரிய வேண்டும்

பேரிங்கடை (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதியில் பேரிங், ஆயில் சீல், பம்ப் உதிரிபாகம் விற்கிற கடை எங்களுடையது. அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் அவரும் பார்க்கிறோம். ஆன்லைன் கடை ஓப்பன்கார்ட் 3 என்ற கடை மென்பொருளில் ஓடுகிறது. தீம், அதாவது தளத்தின் தோற்றம், காசு கொடுத்து வாங்கியது, பூட்ஸ்ட்ராப் 3 என்ற வடிவமைப்புத் தொகுப்பில் செய்தது.

பிரச்சனை இதுதான். எங்கள் பக்கத்தில் உயிரே அளவு அட்டவணைதான். பேரிங் எண், உள்துளை, வெளிவிட்டம், அகலம், 10 எடுத்தால் என்ன விலை, 100 எடுத்தால் என்ன விலை, கடைசியில் கூடையில் சேர்க்கும் பட்டன். கம்ப்யூட்டரில் அழகாக ஒரே வரியில் நிற்கிறது. போனில் திறந்தால் தலைப்பு வரி காணாமல் போய், எண்கள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுகின்றன. 25, 52, 15, அப்புறம் இரண்டு விலை, ஒரு பட்டன், உடனே அடுத்தது 25, 62, 17. எந்தப் பட்டன் எந்த எண்ணுக்கு என்று எனக்கே தடுமாறுகிறது.

போன மாதம் ஒரு பழைய பார்ட்டி 6205 வேண்டும் என்று நினைத்து 6305-க்குரிய பட்டனை அழுத்திவிட்டார். இரண்டுக்கும் உள்துளை 25 தான். இருபது பீஸ் போய்த் திரும்பி வந்தது. போக வர பார்சல் கூலி எங்கள் தலையில். அதைவிட, ஒருநாள் முழுக்க அவருடைய வேலை நின்றதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, இடது பக்கம் இருக்கிற வகைப்பட்டியலும் போனில் வருவதில்லை. இதில் விசித்திரம் என்னவென்றால் கடைக் கம்ப்யூட்டரிலேயே சில நேரம் அது காணாமல் போகிறது. மச்சான் வீட்டு லேப்டாப்பில் ஒழுங்காகத் தெரிகிறது.

தீம் விற்றவர்களிடம் கேட்டேன். ரெஸ்பான்சிவ்தான், அதாவது திரை அகலத்துக்கு ஏற்ப பக்கம் தானாக மாறுவதுதான், இந்தத் தீமின் சிறப்பு, அதை எடுக்க முடியாது என்று ஒரு பதில் வந்தது. அதோடு சரி. நான் புரோகிராமர் இல்லை, ஆனால் ஹோஸ்டிங்கில் ஃபைலைத் திறந்து சொன்ன இடத்தில் மாற்றத் தெரியும். இந்த ரெஸ்பான்சிவை அடியோடு நிறுத்த வழி சொல்லுங்கள்.

அரைப்புள்ளி (திங்கள், இரவு 10.05)

அண்ணா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 2015 ஏப்ரலிலிருந்தே போனில் தேடுகிறவர்களுக்கு, போனுக்கு ஏற்ற பக்கங்களைத்தான் கூகுள் முன்னால் தள்ளுகிறது. 2023 அக்டோபரில் மொபைல் பதிப்பை வைத்தே தளங்களை அட்டவணைப்படுத்தும் முறைக்கு மாறி முடித்துவிட்டதாகவும் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் வாங்குகிறவர்கள் பட்டறையில் நின்று போனில்தான் தேடுவார்கள். அட்டவணைக்காக வீட்டையே இடிக்க வேண்டுமா?

நிரல்நெசவு (திங்கள், இரவு 11.20)

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேட்டவருக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுவோம். கடை அவருடையது, முடிவும் அவருடையது. வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் வேறு எங்காவது அரைகுறையாகக் கேட்டுச் செய்வார்.

பேரிங்கடை, போனையும் கம்ப்யூட்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

போனுக்கு: ஹெடர்.ட்விக் ஃபைலில் மேலேயே வியூபோர்ட் என்று ஒரு மெட்டா டேக் இருக்கும். அதில் அகலம் "டிவைஸ்-வித்" என்று இருக்கும். போனின் அகலம் எவ்வளவோ அதையே பக்கத்தின் அகலமாக எடுத்துக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்வது அந்த வரிதான். நிறைய பேர் அந்த வரியை அப்படியே அழிக்கச் சொல்வார்கள். அழித்தால் போன் பிரவுசர் தானாக 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்ளும். அங்கேதான் சிக்கல். பூட்ஸ்ட்ராப் 3 எந்தெந்த அகலத்தில் மாறும் என்றால் 768, 992, 1200. 980 என்பது 992-ஐத் தொடவில்லை. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது கம்ப்யூட்டர் அமைப்பு அல்ல, டேப்லெட் அமைப்பு. 750 பிக்சலில் ஒடுங்கி நிற்கும். குரோமில் "டெஸ்க்டாப் சைட்" என்று டிக் செய்தால் பல தளங்கள் அரைகுறையாகத் தெரிவதும் இதனால்தான்.

அதனால் அழிக்காதீர்கள். "டிவைஸ்-வித்" இருக்கும் இடத்தில் 1200 என்று போடுங்கள். பக்கத்திலேயே "இனிஷியல்-ஸ்கேல் 1" என்று இருக்கும், அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பக்கத்தின் இடது மூலை மட்டும் பெரிதாகத் தெரியும், மிச்சத்தை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டிவரும்.

கம்ப்யூட்டருக்கு: அந்த மெட்டா டேகைக் கம்ப்யூட்டர் பிரவுசர் கண்டுகொள்ளாது. அங்கே சிஎஸ்எஸ்ஸில், அதாவது தோற்றத்தைத் தீர்மானிக்கும் விதிகளில், கை வைக்க வேண்டும். கன்டெய்னர் என்ற வகுப்புக்கு 1170 பிக்சல் என்று நிலையான அகலம் கொடுத்து, எந்த விதியும் அதை மாற்றாதபடி "இம்பார்ட்டன்ட்" சேர்க்க வேண்டும். டெம்ப்ளேட்டில் "கால்-எஸ்எம்", "கால்-எம்டி" என்று வருகிற வகுப்புகளை எல்லாம் "கால்-எக்ஸ்எஸ்" ஆக்க வேண்டும். மெனு மடங்குவதையும் நிறுத்த வேண்டும். பூட்ஸ்ட்ராப் 3-ன் ஆவணத்திலேயே ரெஸ்பான்சிவை நிறுத்துவதற்கென்று ஒரு பகுதி உண்டு, ஏறக்குறைய இந்தப் படிகள்தான் அங்கே இருக்கும்.

முதலில் போன் பகுதியை மட்டும் செய்து பாருங்கள். ஒரு வரி மாற்றம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கை வையுங்கள்.

பேரிங்கடை (செவ்வாய், காலை 7.15)

மிக்க நன்றி சார். இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் மாற்றி சேமித்தேன், போனில் ஒன்றும் மாறவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன், ஃபைலில் 1200 என்றுதான் இருக்கிறது.

நிரல்நெசவு (செவ்வாய், காலை 8.02)

ஓப்பன்கார்ட் 3-ல் எல்லோரும் ஒருமுறை விழுகிற குழி இது. அட்மினில் டாஷ்போர்டுக்குப் போய் மேலே வலது பக்கம் இருக்கும் பற்சக்கரப் பட்டனை அழுத்துங்கள். தீம், சாஸ் என்று இரண்டு கேஷ் (சேமித்து வைத்த பழைய நகல்) இருக்கும், இரண்டையும் புதுப்பியுங்கள். அப்புறம் எக்ஸ்டென்ஷன்ஸ் போய் மாடிஃபிகேஷன்ஸில் ரெஃப்ரெஷ் கொடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் டிசைன் பகுதியில் தீம் எடிட்டரைத் திறந்து பாருங்கள். யாராவது முன்பு அங்கே ஹெடரைத் திருத்திச் சேமித்திருந்தால் அந்த நகல் டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும். அது இருக்கிறவரை நீங்கள் ஃபைலில் என்ன எழுதினாலும் கடை அதைப் படிக்காது.

பேரிங்கடை (செவ்வாய், காலை 9.30)

அதேதான்! தீம் எடிட்டரில் ஒரு நகல் இருந்தது. தளம் அமைத்துக் கொடுத்தவர் எப்போதோ செய்தது போலிருக்கிறது. அதில் மாற்றியதும் போனில் கம்ப்யூட்டர் மாதிரியே வந்துவிட்டது. அட்டவணை ஒரே வரியில் நிற்கிறது, இடது பட்டியலும் வந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம் சார். கடைக் கம்ப்யூட்டரில்தான் இடது பட்டியல் இன்னும் கண்ணாமூச்சி ஆடுகிறது. அதை சாயங்காலம் பார்க்கிறேன்.

எவர்சில்வர்_சேலம் (செவ்வாய், மதியம் 1.10)

சந்தோஷத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே காரியத்தை நானும் செய்தவன் என்பதால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்களுடையது பாத்திரக்கடை. எட்டு மாதம் 1200-லேயே வைத்திருந்தேன். பொருள் பார்க்கிற வரை எல்லோருக்கும் பிடித்தது. பணம் கட்டுகிற பக்கத்தில்தான் உடைந்தது. முகவரி, பின்கோடு, போன் எண் என்று பத்துப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றையும் விரலால் விரித்து, தட்டி, எழுதி, மறுபடி சுருக்கி, அடுத்ததைத் தேடி. தர்மபுரியிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "கண்ணு, நான் பேசறேன், நீயே எழுதிக்க" என்று சொல்லி முகவரியை வாயால் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் போனவர்களின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் போனில் வந்தவர்கள். அன்றே திருப்பிவிட்டேன்.

நீங்கள் ஒருமுறை உங்கள் போனிலேயே முதலிலிருந்து கடைசிவரை ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து வேண்டாம், கடை வாசலில் வெயிலில் நின்று.

காயில்கட்டி (செவ்வாய், இரவு 8.45)

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். இந்தக் கடையில் வாங்குகிறவன் இல்லை, ஆனால் இதே மாதிரி தளங்களில் வாங்குகிறவன். அதனால் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு எண்ணைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 04-லிருந்து கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்துளை. 6204 என்றால் 20, 6205 என்றால் 25. 6203 மட்டும் 17, 6202 என்றால் 15, அவை தனி. ஆனால் பழைய மோட்டாரில் எண் தேய்ந்து போயிருக்கும். அப்போது வெர்னியரை வைத்து மூன்று அளவும் எடுப்போம். 25, 52, 15 வந்தால் 6205. 25, 62, 17 வந்தால் 6305. வெளிவிட்டம் தெரியாமல் உள்துளையை மட்டும் வைத்து வாங்கினால் ஹவுசிங்கில் உட்காராது. அதனால் அந்த மூன்று எண்ணும் ஒரே வரியில், பக்கத்தில் பேரிங் எண்ணோடு தெரிய வேண்டும். இந்த அண்ணன் கோபப்படுவது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் கம்ப்யூட்டர் பக்கத்தை அப்படியே போனில் சுருக்கிக் கொடுத்தால் எனக்கு அது உதவாது. ஒரு கையில் கழற்றிய பேரிங் இருக்கும், விரலெல்லாம் கிரீஸ். இரண்டு விரலால் விரித்துப் பார்க்க முடியாது. கட்டை விரல் ஒன்றுதான் சுத்தமாக இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. விரித்துப் பார்த்தால் பேரிங் எண் திரைக்கு வெளியே போய்விடும், அளவு மட்டும் தெரியும். மறுபடியும் எது எதனுடையது என்ற அதே குழப்பம்.

நிரல்நெசவு (செவ்வாய், இரவு 10.30)

காயில்கட்டி, உங்கள் பதிவு பத்து நிரலாளர் சொல்வதற்குச் சமம்.

அவர் சொல்வதைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரண ஆண்ட்ராய்டு போனின் அகலம் 360 சிஎஸ்எஸ் பிக்சல் அளவில் இருக்கும். அதில் 1200 அகலப் பக்கத்தை அடைத்தால் எல்லாம் 0.3 மடங்காகச் சுருங்கும். பூட்ஸ்ட்ராப் 3-ன் இயல்பான எழுத்து 14 பிக்சல். அது 4.2 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 52 என்பதும் 62 என்பதும் அந்த அளவில் ஒரே புள்ளிதான்.

இன்னொரு சங்கதி. பக்கத்தின் அகலம் போனின் அகலத்தோடு பொருந்தினால், ஒரு தட்டுக்கு உடனே வேலை செய்யலாம் என்று குரோமும் சஃபாரியும் முடிவு செய்கின்றன. பொருந்தவில்லை என்றால் நீங்கள் இரண்டாவது முறை தட்டிப் பெரிதாக்கப் போகிறீர்களோ என்று ஏறக்குறைய 300 மில்லி நொடி காத்திருக்கும். கூடையில் சேர்க்கும் பட்டனைத் தட்டினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அவசரத்தில் இருப்பவர் மறுபடி தட்டுவார்.

பேரிங்கடை, அந்தக் கடைக் கம்ப்யூட்டர் விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதன் திரை என்ன அளவு? விண்டோஸில் டிஸ்ப்ளே ஸ்கேல் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பிரவுசரில் யாராவது எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்களா?

பேரிங்கடை (புதன், காலை 10.15)

திரை 1366-க்கு 768. விண்டோஸில் 150 சதவீதம் இருக்கிறது, அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனபோது நான்தான் அப்படி வைத்தேன். பிரவுசரில் நான் உட்காரும்போது 100. அப்பா உட்கார்ந்தால் 125 ஆக்கிக்கொள்வார், நான் வந்து பழையபடி மாற்றுவேன். ஏன் கேட்கிறீர்கள்?

அரைப்புள்ளி (புதன், காலை 10.22)

கண்டுபிடித்துவிட்டோம் அண்ணா! 1366-ஐ 1.5-ஆல் வகுத்தால் 910. நீங்கள் உட்காரும்போது பிரவுசருக்குத் தெரிகிற அகலம் அதுதான். அப்பா 125 ஆக்கியதும் 910-ஐ மறுபடி 1.25-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 728. இது 768-க்குக் கீழே. உங்கள் தீமில் இடது பத்தி "ஹிடன்-எக்ஸ்எஸ்" வகுப்பில் இருக்கும், 768-க்குக் கீழே போனால் மறைந்துவிடு என்று அர்த்தம். அதாவது அப்பா எழுத்தைப் பெரிதாக்கியவுடன் தளம் அவருக்குப் போன் பக்கத்தைக் காட்டுகிறது.

மச்சான் லேப்டாப்பில் திரை பெரிதாக இருக்கும் அல்லது ஸ்கேல் குறைவாக இருக்கும். அதனால் அங்கே தெரிகிறது.

பேரிங்கடை (புதன், காலை 10.50)

கன்ட்ரோல் பட்டனோடு பூஜ்யத்தை அழுத்தினேன், பட்டியல் வந்தது. 125 ஆக்கினேன், போனது. ஒன்றரை வருடமாக இதைக் கோளாறு என்று நினைத்து பிரவுசரை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறோம்.

அப்படியென்றால் நிரல்நெசவு சார் சொன்ன இரண்டாவது பகுதியைச் செய்துவிடுகிறேன். கன்டெய்னருக்கு 1170 என்று கொடுத்துவிட்டால் அப்பாவுக்கும் பட்டியல் மறையாது அல்லவா?

பெரியஎழுத்து (புதன், மதியம் 12.30)

பேரிங்கடை, கொஞ்சம் பொறுங்கள். எனக்குக் குறைபார்வை. இந்த இழையை 300 சதவீதத்தில் வைத்துத்தான் படிக்கிறேன்.

1170 என்று பூட்டி, "ஹிடன்-எக்ஸ்எஸ்" வகுப்பையும் எடுத்துவிட்டால் பட்டியல் மறையாது, உண்மை. ஆனால் அப்பாவின் திரையில் இடம் 728 தான். 1170 அகலப் பக்கம் அதில் அடங்காது, வலது பக்கம் 400-க்கும் மேல் திரைக்கு வெளியே நிற்கும். விலையும் பட்டனும் உங்கள் அட்டவணையில் வலது ஓரத்தில்தானே இருக்கின்றன? ஒவ்வொரு வரிக்கும் அவர் வலதுபக்கம் தள்ளி விலை பார்த்து, இடதுபக்கம் தள்ளி எண் பார்க்க வேண்டும். நான் பல தளங்களில் தினமும் செய்கிற வேலை இது. நாலு வரி படிப்பதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துவிடும். கழுத்தும் வலிக்கும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் தானாக ஒடுங்கி ஒரே பத்தியாக வருவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வரம். போனுக்காகச் செய்த ஏற்பாடு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் படிக்க வழி. 2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல் வழிகாட்டியில் 1.4.10 என்ற விதி இதற்காகவே இருக்கிறது. 320 பிக்சல் அகலத்திலும் பக்கம் குறுக்கே தள்ளாமல் படிக்க வரவேண்டும் என்கிறது. 1280 திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால் கிடைப்பது அந்த 320 தான்.

அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு, உங்களுக்காகவே எழுதியது மாதிரி. குறுக்கும் நெடுக்கும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும் அட்டவணைகளுக்கு இந்த விதி இல்லை. அட்டவணை மட்டும் அகலமாக இருந்து குறுக்கே தள்ளலாம். சுற்றி இருப்பது எல்லாம் ஒடுங்க வேண்டும்.

அப்பாவை நினைத்துத்தான் கேட்கிறேன், பூட்டிவிடாதீர்கள்.

நிரல்நெசவு (புதன், இரவு 9.15)

பெரியஎழுத்து, நன்றி. நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது.

பேரிங்கடை, உங்களுக்கு நிஜமாக வலிக்கிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று அட்டவணை, மற்றது இடது பட்டியல். தீம் செய்தவர்கள் அட்டவணையைப் போனில் துண்டு துண்டாக்கியது அவர்கள் செய்த முடிவு. பட்டியலை மறைத்ததும் அவர்கள் முடிவு. ரெஸ்பான்சிவ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்த இரண்டை மட்டும் மாற்றுவோம்.

வியூபோர்ட்டைப் பழையபடி "டிவைஸ்-வித்" ஆக்கி, இனிஷியல்-ஸ்கேலையும் திரும்பச் சேருங்கள்.

அட்டவணை: தீமின் சிஎஸ்எஸ் ஃபைலில் 767 என்று தேடுங்கள். "மேக்ஸ்-வித் 767" என்ற மீடியா கொயரிக்குள், அதாவது 767 வரையான அகலத்துக்கு மட்டும் பொருந்தும் விதிகளுக்குள், அட்டவணைக் கட்டங்களுக்கு "டிஸ்ப்ளே பிளாக்" என்று எங்கோ எழுதியிருப்பார்கள். தலைப்பு வரியை மறைக்கிற வரியும் பக்கத்திலேயே இருக்கும். அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடுங்கள். பிறகு டெம்ப்ளேட்டில் அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் (பெட்டி) போட்டு "டேபிள்-ரெஸ்பான்சிவ்" என்ற வகுப்பைக் கொடுங்கள். பூட்ஸ்ட்ராப் 3-லேயே இருக்கிற வகுப்பு இது. 768-க்குக் கீழே போனால் அந்தப் பெட்டி மட்டும் குறுக்கே நகரும், எழுத்து மடங்காது, பக்கம் அசையாது.

அப்புறம் காயில்கட்டி சொன்னதுதான் முக்கியம், நகர்த்தும்போது பேரிங் எண் கண்ணைவிட்டுப் போகக் கூடாது. முதல் பத்தியின் கட்டங்களுக்கு "பொசிஷன் ஸ்டிக்கி", "லெஃப்ட் 0" கொடுங்கள். வரிக்குக் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் கொடுங்கள். எண் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், மற்றவை அதன் அடியில் நகரும்.

பத்திகளின் வரிசையையும் யோசியுங்கள். எண், உள்துளை, வெளிவிட்டம், அகலம், பட்டன், அப்புறம் விலைகள் என்று வைத்தால் 360 அகலப் போனில் முதல் நான்கும் நகர்த்தாமலே தெரியும் என்று நினைக்கிறேன். தலைப்பை "உள்", "வெளி", "அகலம்" என்று சுருக்குங்கள்.

அரைப்புள்ளி (புதன், இரவு 9.48)

இடது பட்டியலை நான் எடுத்துக்கொள்கிறேன். டெம்ப்ளேட்டில் "ஹிடன்-எக்ஸ்எஸ்" என்பதை நீக்கினால் மட்டும் போதாது. கோடில் இடது பத்தி முதலில் வருவதால் போனில் ஐம்பது வகையும் மேலே வரிசையாக நிற்கும், பேரிங் அதற்கு அடியில் எங்கேயோ போய்விடும். அதனால் அந்தப் பட்டியலை "கொலாப்ஸ்" வகுப்புக்குள் வைத்து, மேலே "வகைகள்" என்று ஒரு பட்டன் போடுங்கள். பட்டனுக்கு "விசிபிள்-எக்ஸ்எஸ்" கொடுத்தால் 768-க்கு மேல் அது தெரியாது. 768-க்கு மேல் பட்டியல் எப்போதும் விரிந்திருக்க "டிஸ்ப்ளே பிளாக்" என்று ஒரு மீடியா கொயரி தனியாக எழுத வேண்டும், மறந்துவிட்டால் கம்ப்யூட்டரிலும் மூடியே கிடக்கும்.

அப்பா 125-ல் உட்கார்ந்தாலும் "வகைகள்" பட்டன் கண்ணெதிரே இருக்கும்.

பேரிங்கடை (வெள்ளி, இரவு 10.10)

இரண்டு ராத்திரி ஆனது. செய்துவிட்டேன். நடுவில் ஒரு இடறல். நகர்த்தும்போது பேரிங் எண்ணின் மேலேயே பின்னால் போகிற எண்களும் தெரிந்து எழுத்து எழுத்தோடு ஒட்டி விழுந்தது. 6205-க்குள் 52 புகுந்து நின்றது. இன்னொன்று, அந்தப் பத்தியின் கோடுகள் மட்டும் நகர்த்தும்போது காணாமல் போகின்றன.

அரைப்புள்ளி (வெள்ளி, இரவு 10.25)

முதலாவதற்கு அந்தக் கட்டங்களுக்குப் பின்னணி வெள்ளை நிறம் கொடுங்கள் அண்ணா. இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. கோடுகளுக்கு, அட்டவணையில் "பார்டர்-கொலாப்ஸ்" என்பதை "செபரேட்" ஆக்கி இடைவெளியை 0 வையுங்கள். கொலாப்ஸில் இருந்தால் கோடு அட்டவணையோடு போய்விடும், ஒட்டி நிற்கிற கட்டத்தோடு வராது. மாற்றிய பின் அங்கங்கே இரட்டைக்கோடு தெரிந்தால் ஒரு பக்கக் கோட்டை எடுத்துவிடுங்கள்.

காயில்கட்டி (சனி, காலை 11.40)

தனிச்செய்தியில் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் ஒன்றை வைத்தே 6205 எடுத்தேன். மூன்று அளவும் நகர்த்தாமலே தெரிகிறது, விலைக்கு மட்டும் கொஞ்சம் தள்ள வேண்டும். ஒரு வேண்டுகோள்: ஒரே எண்ணில் இசட்இசட், 2ஆர்எஸ் இரண்டும் தனி வரியாக இருக்கிறதே, அதை எண்ணோடு சேர்த்து அந்த ஒட்டி நிற்கிற கட்டத்திலேயே போடுங்கள். இரும்பு மூடியா ரப்பர் மூடியா என்று தெரியாமல் வாங்கினாலும் அதே தொல்லைதான். தண்ணீர் படுகிற பம்புக்கு நாங்கள் ரப்பர்தான் போடுவோம்.

எவர்சில்வர்_சேலம் (சனி, மதியம் 2.05)

எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் கோடவுனில் பேக்கிங் செய்கிற பையன்களுக்கென்று ஆர்டர் பட்டியல் பக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே திரை, ஒரே கம்ப்யூட்டர், சுவரில் மாட்டியது. அதை நிலையான அகலத்தில் பூட்டிவைத்திருக்கிறேன். அதையும் மாற்ற வேண்டுமா?

நிரல்நெசவு (சனி, மதியம் 3.30)

வேண்டாம். எந்தத் திரை, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிகிற இடம் அது. அங்கே பூட்டுவது சரிதான். வாங்குகிறவர் எதில் பார்ப்பார் என்பது நம் கையில் இல்லாத இடத்தில்தான் பூட்டக் கூடாது. ஆனால் வேலை செய்கிற பையன்களில் யாராவது எழுத்து தெரியவில்லை என்றால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரிங்கடை (ஞாயிறு, மாலை 6.20)

இசட்இசட், 2ஆர்எஸ் இரண்டையும் எண்ணோடு சேர்த்துவிட்டேன். எவர்சில்வர் அண்ணன் சொன்னபடி கடை வாசலில் நின்று கடைசிவரை ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். பின்கோடு கட்டத்தைத் தட்டினால் எழுத்துப் பலகை வந்தது, எண் பலகை வரவில்லை. அதையும் தேடிச் சரிசெய்தேன்.

கடைக் கம்ப்யூட்டரில் பிரவுசரை 125-லேயே விட்டுவிட்டேன், இப்போது நானும் அதில்தான் பார்க்கிறேன். அப்பா இன்று "வகைகள்" பட்டனை அழுத்தி ஆயில் சீலுக்குப் போனார். திரும்பிப் பார்த்து, "இது முன்னாடி இங்க இல்லையே?" என்றார். இல்லைதான் என்றேன். 6305 வாங்கி ஏமாந்த பார்ட்டிக்கும் புதுப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் 6205 ரப்பர் மூடி பத்து பீஸுக்கு ஆர்டர் வந்தது, போனிலிருந்துதான்.

பெரியஎழுத்து, அந்த 300 சதவீதத்தில் எங்கள் பக்கத்தை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா? எங்கே இடிக்கிறதோ அந்த இடத்தை மட்டும் சொன்னால் போதும், நான் செய்துவிடுகிறேன்.

பெரியஎழுத்து (ஞாயிறு, இரவு 8.00)

பார்த்துவிட்டேன். அட்டவணை வரை நன்றாக இருக்கிறது. மேலே ஒட்டி நிற்கிற மெனு பட்டை மட்டும் 300-ல் திரையின் பாதியை மறைக்கிறது. உயரம் குறைந்த திரையில் அது நகர்ந்து மேலே போகும்படி செய்தால் போதும்.

பேரிங்கடை (ஞாயிறு, இரவு 8.12)

இன்றிரவே செய்கிறேன்.